உவமையில் நனையாத காந்தள்

காந்தளைப் பற்றி எழுத வரும் நம் இலக்கியக் கட்டுரையாளர்கள் மூன்று செய்திகளைத் தவறாமல் சொல்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களில் முதலில் வருவது அது. சங்கப் புலவர்கள் பெண்களின் விரல்களுக்கு அதை உவமையாக்கினார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் சொல்லிவிட்டுப் பெருமிதத்தோடு கட்டுரையை முடித்துக்கொள்கிறார்களே, அதுதான் என் புகார். சொல்லப்படாத நான்காவது செய்தி ஒன்று உண்டு: அந்த மலர் இன்று ஒரு பயிர். மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் என்று கொங்கின் தெற்கு விளிம்பு நெடுகிலும் அதை நட்டு, பந்தல் கம்பியில் ஏற்றி, விதைக்காக வளர்க்கிறார்கள். அங்கே அதற்குக் காந்தள் என்று பெயரில்லை; கண்வலிக்கிழங்கு, சுருக்கமாகக் கண்வலி. பெயர் மாறியதும் நம் இலக்கிய ஆர்வமும் நின்றுவிடுகிறது.

இது ஏதோ வேளாண்மைத் தகவல், இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவர்களைத் தொல்காப்பியத்துக்கே அழைக்கிறேன். கருப்பொருள் பட்டியலில் தெய்வமும் மரமும் புள்ளும் பறையும் மட்டும் இல்லை. உணவும் இருக்கிறது, ‘செய்தி’ என்ற சொல்லால் அந்நிலத்து மக்களின் தொழிலும் இருக்கிறது. தொழிலை உதறிவிட்டு மலரை மட்டும் எடுத்துக்கொள்வதற்குத் திணை வாசிப்பு என்று பெயரிட முடியாது. அது பூ பறிப்பது, அவ்வளவே.

பொழுதையும் பாருங்கள். குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது கூதிர். அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். ஆடியை ஒட்டி நட்ட கண்வலி பூத்துக் குலுங்குவதும் அந்த மழைக்காலத்தில்தான். ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். நவம்பர் 27-இல் மாவீரரை நினைவுகூரும் மலராக அது அங்கே நிலைபெற்றதற்கு அந்தப் பருவமும் ஒரு காரணம். பழைய புலவனுக்கும் ஈழத்துக்காரருக்கும் இந்தச் செடியின் நாட்காட்டி தெரிந்திருந்தது. நமக்கோ அது பருவமற்ற பூவாகிவிட்டது.

பருவம் தெரிந்தால்தான் துயரம் தெரியும். இந்த மலரின் அமைப்பே விசித்திரமானது. இதழ்கள் பின்னோக்கி வளைந்து மேலெழ, மகரந்தப் பைகள் விலகி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சூல்தண்டோ அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழ வாய்ப்புக் குறைவு. காட்டில் இந்த வேலையை வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் பார்த்துக்கொள்ளும். தோட்டத்தில் போதுமான காய் பிடிக்க வேண்டுமென்றால் காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை மனிதக் கை ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தத்தைச் சேர்க்க வேண்டும். பல தோட்டங்களில் இதைச் செய்பவர்கள் கூலிக்கு வரும் பெண்கள். அவர்களுடைய விரல்களுக்குத்தான் ஒரு காலத்தில் இந்தப் பூவை உவமை சொன்னோம். இன்று பூ காயாவதே அந்த விரல்களால்தான். இரண்டாயிரம் ஆண்டு உவமை ஒன்று நம் கண்ணெதிரே தலைகீழாகித் தொழிலாகி நிற்கிறது. நாமோ பழைய உரையைத் திருப்பிப் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காலை வேளையில் மழை பிடித்துக்கொண்டால்? மகரந்தம் நனைந்து கரைகிறது, தொட்டும் பயனில்லை. பூச்சிகளும் வருவதில்லை. காற்றோடு பெய்தால் கொடி கம்பியிலிருந்து சரிந்து குருத்து ஒடிகிறது. இலைக்கருகல் பரவுகிறது. நீர் தேங்கினால் மண்ணுக்குள் கிழங்கு அழுகுகிறது. கிழங்கு அழுகுவதுதான் பேரிழப்பு. காய் போனால் அந்தப் பருவத்தின் வருமானம் போகும். கிழங்கு போனால் முதலே போகும். ஆண்டுதோறும் மீண்டும் முளைக்க வேண்டியது அது. விதையிலிருந்து வளர்த்தால் பூக்கவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால் கிழங்கை விலை கொடுத்து வாங்கித்தான் நடுகிறார்கள். அந்தத் தேவைக்காகக் காட்டில் தானாக வளர்ந்ததையும் தோண்டி எடுத்தார்கள் என்பது இக்கதையின் மற்றொரு இருண்ட பக்கம்.

மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் மண் இது. கிளுவை வேலியும் கொறங்காடும் ஆழ்கிணறுமாக, ஆண்டு முழுக்க வானத்தைப் பார்த்து நிற்கும் சனங்கள். மழைக்கு ஏங்குகிற அதே மண்ணில் மழைக்கு அஞ்ச வேண்டிய பயிர். ஐப்பசியில் அடைமழை இறங்கினால் கால்நடைக்குப் புல் வந்தது என்று மகிழ்வதா, கிழங்கு போயிற்று என்று அழுவதா? இந்த முரணைவிட ஒரு நாவலுக்கு வேறென்ன வேண்டும்? 1942-லேயே ‘நாகம்மாள்’ எழுதி நிலத்தை நாவலின் நடுவில் வைத்த ஆர். சண்முகசுந்தரத்தின் மண் இது. அந்த மரபுக்கு நாம் உண்மையாக இருக்கிறோமா என்பதே என் கேள்வி.

மழைக்குத் தப்பிய விதையும் உள்ளூர்ச் சந்தைக்குப் போவதில்லை. அது நஞ்சு; ஊரில் எவரும் வாங்கிச் சமைக்கப் போவதில்லை. அதிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. அதன் சந்தை பெரும்பாலும் கடல் கடந்தது. 2009-இல் அமெரிக்காவில் கோல்சிசின் மாத்திரைக்கு ஒரே நிறுவனம் தனியுரிமை பெற்றபோது, பத்து சென்டுக்கும் குறைவாக இருந்த ஒரு மாத்திரையின் விலை ஏறத்தாழ ஐந்து டாலருக்கு எகிறியது. விதை விளைவிப்பவருக்கு இப்படி எகிறும் விலை ஏதும் கையில் இல்லை. நடுவண் அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் கண்வலி இல்லை. வியாபாரி சொல்வதே விலை. கட்டவில்லை என்றால் விதையை மூட்டை கட்டி வைத்துக் காத்திருக்க வேண்டும். மாநில மலர் என்ற பட்டம் ஒரு கிலோ விதைக்குக்கூட விலை சொல்லவில்லை.

இலக்கியம் வேளாண் கையேடு அல்ல என்ற பதில் வரும் என்று தெரியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறிஞ்சிப்பாட்டு ஏட்டில் சில மலர்ப் பெயர்கள் விடுபட்டிருந்தபோது உ.வே.சாமிநாதையர் ‘ஏதோ சில பூக்கள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடவில்லை. பெயர்களைத் தேடி அலைந்து, முழுமையாக்கி, 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். பெயருக்கே அவ்வளவு அலைந்த மரபின் வாரிசுகள் நாம். பெயருக்குப் பின்னாலிருக்கும் செடிக்காக ஒரு பேருந்துப் பயணம்கூடச் செய்ய மாட்டோம் என்றால், நம்மிடம் மிஞ்சுவது அகராதிப் பொருள் மட்டுமே: ‘காந்தள் – ஒருவகை மலர்’.

காந்தளைக் குறித்து அடுத்த கட்டுரை எழுத உத்தேசித்திருக்கும் நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள். எழுதும் முன் ஐப்பசியில் ஒரு நாள் தாராபுரத்திலிருந்து மூலனூர்ப் பேருந்தில் ஏறுங்கள். காலை எட்டு மணிக்குள் தோட்டத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கு மழை பெய்தால் இன்னும் நல்லது.