வீரம் எந்த ஜாதிக்குச் சொந்தம்?

நமது நாட்டில் சாமி கும்பிடவும் ஜாதி வேண்டும். சமையல் செய்யவும் ஜாதி வேண்டும். செத்த பிறகு சுடுகாட்டிற்கும் ஜாதி வேண்டும். தேசத்திற்காகத் துப்பாக்கி பிடித்துச் சாவதற்குங்கூட ஜாதி பார்க்கப்பட்டு வருவதை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் உழைக்கும் தோழர்கள் எத்தனை பேர் அறிவார்கள்?

ராஜபுத்திர ரெஜிமெண்டு, ஜாட் ரெஜிமெண்டு, டோக்ரா ரெஜிமெண்டு, சீக்கிய ரெஜிமெண்டு என்கின்ற பெயர்கள் நமது காலாட்படையில் இன்றும் இருக்கின்றன. பெயர் மாத்திரமல்ல, பழைய ரெஜிமெண்டுகள் பலவற்றில் இன்ன வகுப்பாரைத்தான் சேர்ப்பது என்கிற ஏற்பாடும் தொடர்ந்து வந்திருக்கின்றது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? க்ஷத்திரியனே ஆயுதம் எடுக்க வேண்டுமென்றது மநுதர்மம். 1857-க்குப் பிறகு வெள்ளைக்கார சர்க்கார் அதற்குக் காக்கிச் சட்டை மாட்டி 'வீர ஜாதி' என்று பெயர் வைத்தது. 1885-ல் இந்தியப் படைக்குப் பிரதம சேனாதிபதியான ராபர்ட்ஸ் துரை, தென்னாட்டான் யுத்தத்திற்கு லாயக்கில்லாதவன் என்றார். எந்தத் தென்னாட்டான்? 1751-ல் ஆர்க்காட்டுக் கோட்டையில் க்ளைவுக்காக நின்று போராடியவன். 1806-ல் வேலூர்க் கோட்டையில் அதே கம்பெனியின் மீது துப்பாக்கியைத் திருப்பியவன்! முதல் உலக யுத்தத்திற்குப் பின் சென்னை ரெஜிமெண்டைக் கலைத்தார்கள். இரண்டாம் யுத்தம் நெருக்கியதும் மறுபடியும் எழுப்பினார்கள். லாயக்கு எங்கே போயிருந்தது? எப்படித் திரும்பி வந்தது?

தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் செய்ததோ இன்னும் மோசம். 1818-ல் கோரேகாமில் கம்பெனிக்காக உயிர் கொடுத்த மகார்களை, 1890-களில் படையில் சேர்க்காமல் தள்ளினார்கள். முதல் யுத்தத்தில் சேர்த்தார்கள், முடிந்ததும் கலைத்தார்கள், 1941-ல் மீண்டும் அழைத்தார்கள். 1943-ல் எழுப்பிய சமார் ரெஜிமெண்டை 1946-லேயே கலைத்தார்கள். குண்டு பறக்கும்போது ஓடிப்போகும் தீட்டு, குண்டு நின்றதும் திரும்பி வருமானால் அது தீட்டா, வேஷமா?

"ஒரே வகுப்பாராயிருந்தால்தான் படையில் ஒற்றுமை இருக்கும்" என்கிறார்கள் சிலர். அப்படியானால் கப்பற்படையில் ஜாதிக்கொரு கப்பலா ஓடுகிறது? விமானப்படையில் ஜாதிக்கொரு விமானமா பறக்கிறது? 1949-ல் எல்லா வகுப்பாரையும் கலந்து அமைத்த கார்ட்ஸ் படையில் இருந்தவர்தான் ஆல்பர்ட் எக்கா. சோட்டா நாகபுரி மலைநாட்டு ஆதிவாசி. 1971 யுத்தத்தில் கங்காசாகரில் போராடி மடிந்து பரமவீர் சக்கரம் பெற்றார். அவர் எந்த 'வீர ஜாதி'ப் பட்டியலில் இருந்தார்?

சுமார் 5,000 அடி உயர மலையில் மூட்டை சுமந்து ஏறி இறங்கும் நமது சேர்வராயன் மலைவாசி வாலிபனுக்கு, காலும் நெஞ்சும் எவனுக்குக் குறைந்தது?

சுயராஜ்யம் வந்த பின் எந்த வகுப்பாரும் படையில் சேரலாம் என்று சர்க்கார் சொல்லுகிறது. மிகவும் சந்தோஷம். ஆனால் 2022-ல் அக்னிபத் ஆள் சேர்ப்பில் ஜாதி, மத சர்ட்டிபிகேட்டு எதற்கென்று கேட்டபோது, "இது புதிதல்ல, பழைய வழக்கம்" என்றே பதில் வந்தது. பழைய வழக்கம் என்பதுதானே நமது குற்றச்சாட்டு!

தோழர்களே! படைக்கு வேண்டியது உடல் வலிவும், பயிற்சியும், அறிவும். இம்மூன்றில் எதுவும் பிறப்பினால் வருவதல்ல. ஆகவே எல்லா ரெஜிமெண்டுகளும் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும். மனுவில் ஜாதியைக் கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நமது வாலிபர்களும், 'நமக்கேன் பட்டாளம்' என்று ஒதுங்காமல், ஆள் சேர்க்கும் இடத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும்.