அலகு உடைத்த கழுகும் தண்டல் கட்டும் பூக்காரம்மாவும்

தொழில்முனைவோர் கூட்டம் என்று எங்கே போனாலும் அந்தக் கழுகு வந்துவிடுகிறது. நாற்பது வயதானதும் மலை உச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி, சிறகுகளை உதிர்த்து, ஐந்து மாதம் தவமிருந்து, இன்னும் முப்பது ஆண்டு வாழ்கிறதாம். நான் மதுரைக்காரன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கடன் வாங்கித் தொழில் செய்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அவ்வப்போது மேடையேற்றிவிடுவார்கள். எனக்கு முன்னால் பேசுபவர் கழுகைப் பறக்கவிட்டால், கைதட்டல் ஓயும்வரை குனிந்து என் குறிப்புச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அலகு இல்லாத கழுகு எதைத் தின்னும்? கழுகின் அலகு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருப்பது. அதை அடியோடு உடைத்துக்கொண்டால் ஐந்து மாதமெல்லாம் தாங்காது, பட்டினியிலேயே செத்துப்போகும். கழுகு முடிந்தால் தவளை. தண்ணீரில் போட்டு மெல்ல மெல்லச் சூடேற்றினால் வெந்து சாகும்வரை சும்மா உட்கார்ந்திருக்குமாம். 1869-இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஃபிரீட்ரிக் கோல்ட்ஸ் இதைச் செய்தே பார்த்தார். உட்கார்ந்திருந்தது மூளை அகற்றப்பட்ட தவளை. முழுசாக இருந்த தவளை, தண்ணீர் 25 டிகிரியைத் தொட்டதுமே தப்பிக்கப் பார்த்தது. இதில் எந்தத் தவளையை வைத்துப் பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்க எனக்கு ஆசைதான். அதற்குள் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிடும்.

கண்ணெதிரே இருக்கும் சாதாரண விஷயத்திலிருந்து தொழில் கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை. நம் ஆட்கள் பாடத்தை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் அதற்கு ஒரு பிராணியைத் தேடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பிராணியை யாரும் பார்ப்பதில்லை. உற்றுப் பார்த்தால் அது நமக்குப் பிடிக்காத சங்கதியையும் சேர்த்தே சொல்லிவிடும்.

எங்கள் தெருமுனையில் ஒரு அம்மா பூ விற்கிறார். விடியும் முன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய், கிலோ கணக்கில் உதிரிப் பூ எடுத்து வருவார். ஈர வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு கட்ட உட்கார்ந்தால், விரல் பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். பங்குனி, சித்திரையில் மல்லிகை கொட்டிக் கிடக்கும். மிஞ்சியது செண்ட் ஃபாக்டரிக்குப் போகும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்துவிடும். பின்னாலேயே பொங்கலும் தை முகூர்த்தமும் வந்தால், சில நூறு ரூபாய்க்கு விற்ற கிலோ ஆயிரங்களுக்கு ஏறிவிடும். கொள்முதல் விலை இப்படி ஆடும் தொழிலுக்கு நான் கடன் பரிந்துரைத்திருந்தால், மேலதிகாரி என்னையே ஒரு மாதிரி பார்த்திருப்பார்.

ஆனால் கிலோ பத்து மடங்கு ஏறினாலும் அவரிடம் முழம் பத்து மடங்கு ஏறுவதில்லை. பூவைத் தள்ளித் தள்ளிக் கட்டுவார். மல்லிகையைக் குறைத்துப் பிச்சியை எடுப்பார். இல்லையென்றால் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கதம்பமாக்குவார். அதைச் சொல்லியே விற்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. “இன்னைக்குக் கலக்கமாத்தான் கட்டியிருக்கேன் சார். நெருக்கமா வேணும்னா காசு கூட ஆகும், சொல்லுங்க.” ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இதே வேலையைத்தான் செய்கிறது. எடையைக் குறைத்துவிட்டு விலையை மட்டும் அப்படியே வைத்திருக்கிறது. குறைத்ததைப் பற்றி மூச்சு விடுவதில்லை, பின்பக்கம் எறும்பு எழுத்தில் கிராமை அச்சடித்ததோடு சரி. அளவைக் குறைத்ததற்காக அந்த அம்மாவிடம் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

மேடைப் பேச்சாளர் இத்தனையும் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார். சுறுசுறுப்பு, நேர்மை, சமயோசிதம் என்று மூன்று ஸ்லைடு தேறிவிட்டதே! இதன் பிறகு வருவதை அவர் போடமாட்டார்.

சாயங்காலம் பைக்கில் ஒருவர் வருகிறார். வண்டியை அணைப்பதுகூட இல்லை. அந்த அம்மா நூறு ரூபாயை நீட்ட, சின்ன அட்டையில் ஒரு கோடு கிறுக்கிவிட்டுப் போகிறார். தண்டல். பேச்சு பத்தாயிரம், கையில் தருவது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடை செய்த சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது.

வங்கிக் கடனும் இல்லாமல் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் பிரதமர் ஸ்வநிதி திட்டம் வந்தது. தொடங்கியபோது முதல் கடனாக 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், மாதத் தவணையில் ஓராண்டுக்குள் கட்டி முடிக்கலாம். “அதை வாங்கலாமேம்மா?” என்று கேட்டேன். “மாசம் பொறந்தா மொத்தமா எடுத்து வைக்கணுமே சார். எங்க கையில அன்னன்னிக்குத்தான் காசு நிக்கும். அதுக்குள்ள ஒரு சாவு, ஒரு காதுகுத்து வந்துட்டா என்ன பண்றது?”

இதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வருமானம் நாளுக்கு நாள் வருகிறது. தண்டல்காரர் அந்த ஓட்டத்தைப் படித்து வைத்திருக்கிறார். வங்கி, மாதச் சம்பளக்காரனுக்குத் தைத்த சட்டையை அந்த அம்மாவுக்கும் மாட்டப் பார்க்கிறது.

வங்கிகளுக்கு இது தெரியாத வித்தையுமல்ல. டி.எம்.ஏ. பாய் போன்றவர்கள் உடுப்பியில் தொடங்கிய, பின்னாளில் சிண்டிகேட் வங்கி என்று பெயர் மாறிய வங்கி, 1928-லேயே பிக்மி டெபாசிட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏஜென்ட் வீட்டு வாசலுக்கே போய், தினம் இரண்டணா கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருவார். எந்த வங்கியும் எட்டிப்பார்க்காத சனங்களிடமிருந்து அந்த இரண்டணாக்களால் பணம் திரட்டினார்கள். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது. இரண்டே மாதத்தில் ஸ்வநிதி வந்தது, மாதத் தவணையோடு.

சேமிப்பு வாங்க வாசல்வரை போனவர்கள், தவணை வாங்கத் தெருமுனைக்கு வரக் கூடாதா? ஏஜென்டுக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் கமிஷன் என்று வையுங்கள். பத்தாயிரத்துக்கு 300 ரூபாய். நூறு நாளுக்கான வங்கி வட்டியைச் சேர்த்தாலும் 500-ஐத் தாண்டாது. தண்டலில் போவது 1,500. எந்தக் கிளை மேலாளரும் அரை மணி நேரத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. மேலிடத்து அனுமதிதான் வேண்டும், அதைக் கேட்டு எழுத ஒருவர் முன்வர வேண்டும்.