கடைக்குப் பூட்டு இருக்கிறது, கணக்குக்கு இருக்கிறதா?

இரவு கடை கட்டும்போது ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் வீட்டுக்குப் போவதில்லை. அதே கடைக்குள் மேசை மீது இருக்கும் கணிப்பொறியை மட்டும் நாம் அப்படி இழுத்துப் பார்ப்பதில்லை. கல்லாவில் இருப்பது ஒரு நாள் வசூல். கணிப்பொறியில் இருப்பதோ யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், சரக்கு எவ்வளவு இருப்பு, வரி எவ்வளவு கட்டினோம் என்ற மொத்த வியாபாரமும். சிட்டையும் பேரேடும் நோட்டில் இருந்த காலத்தில் அதைத் திருடி யாருக்கும் ஒரு பைசா லாபமில்லை. இன்று நம் கணக்கை நமக்கே திறக்க முடியாதபடி பூட்டி வைத்துவிட்டு, "பணம் கொடு, திறக்கிறேன்" என்று கேட்கும் தொழில் உலகெங்கும் நடக்கிறது.

"அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கவலை" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2017 மே 12, வெள்ளிக்கிழமை, 'வான்னாகிரை' என்ற நச்சு நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது எங்கோ சீமையில் நடந்த கதையும் அல்ல. 1960 வரை நமது திருத்தணியும் சேர்ந்திருந்த அதே சித்தூர் மாவட்டத்தில், ஆந்திரக் காவல் துறையின் கணிப்பொறிகள் அதில் சிக்கின. திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தின் சில கணிப்பொறிகளும் சிக்கின. பக்தர்களுக்கான சேவைகள் பாதிக்கப்படவில்லை என்று தேவஸ்தானம் அறிவித்தது. ஏழுமலையான் சன்னதி அலுவலகத்துக்கே வந்தது நம் பஜாருக்கு வர எத்தனை நேரம் ஆகும்?

இதில் வேதனை என்னவென்றால், அந்தத் திருடன் நுழைந்த ஓட்டை முன்பே தெரிந்த ஓட்டை. விண்டோஸில் இருந்த அந்தக் குறையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. இரண்டு மாதம் கழித்தும் அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தாம் பெரும்பாலும் மாட்டினார்கள். திண்டுக்கல் பூட்டு வாங்கியிருக்கிறோம், "அந்த மாதிரிப் பூட்டை வேறு சாவியாலும் திறக்க முடிகிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையே போய் மாற்றிவிட மாட்டோமா? கணிப்பொறியில் "அப்டேட் செய்யவும்" என்று வரும்போது மட்டும், பில் போடும் நேரத்தில் தொந்தரவு என்று 'பிறகு' என்பதை அழுத்துகிறோம். என் கடையிலும் பல நாள் அப்படித்தான் நடந்தது. பாஸ்வேர்டு எழுதிய சீட்டு முருகன் காலண்டருக்குப் பின்னால் இருந்தது. கடையில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும், வேலையை விட்டுப் போனவர்கள் உள்பட.

சரி, அப்டேட் செய்துவிட்டால் கவலையில்லையா என்றால், அதுவும் இல்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது. அதே 2017-இல், ஜூன் 27-ஆம் தேதி, நம் நாட்டில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வர நான்கு நாட்கள் இருக்கும்போது, உக்ரைன் நாட்டில் ஒரு தாக்குதல் நடந்தது. அங்கே வரிக் கணக்குத் தாக்கல் செய்ய நிறுவனங்கள் பெருவாரியாகப் பயன்படுத்திய 'எம்.இ.டாக்' என்ற கணக்கு மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்குள்ளேயே புகுந்து, அது அனுப்பும் அப்டேட்டில் விஷத்தைக் கலந்துவிட்டார்கள். ஒழுங்காக வரி கட்டி, ஒழுங்காக அப்டேட் செய்தவர்களின் கணக்கு அழிந்தது. 'நாட்பெட்யா' என்று அழைக்கப்பட்ட இது பணம் கேட்பது போல் நடித்ததே தவிர, பணம் கட்டியவர்களுக்கும் கணக்கைத் திருப்பிக் கொடுக்க அதில் வழியே இல்லை.

உக்ரைனில் கிளை வைத்திருந்த மேர்ஸ்க் என்ற கப்பல் கம்பெனிக்கும் அது தாவியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்கம்பெனியின் குழுமம் நடத்திய சரக்குப் பெட்டக முனையத்தில் வேலை முடங்கியது. நஷ்டம் 30 கோடி டாலர் வரை இருக்கும் என்று கம்பெனியே சொன்னது. அவர்கள் மீண்ட விதம் வேடிக்கையானது. உலகெங்கும் அழிந்துபோன முக்கியமான ஒரு பதிவின் நகல், ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் பிழைத்திருந்தது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லை! மின்வெட்டை வாழ்த்தியவர்கள் உலகத்திலேயே அவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆக, அப்டேட் செய்வதை நிறுத்திவிடலாமா? கூடாது. தெரிந்த ஓட்டையைத் திறந்தே வைப்பது, தெரியாத ஓட்டைக்குப் பயந்து செய்யும் காரியம் அல்ல. ஆனால் எந்தப் பூட்டையும் முழுதாக நம்பாமல், கம்பி தொடர்பு இல்லாத ஒரு நகல் நம் கையில் இருக்க வேண்டும். பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்பவர்களில் பலர், அதே கணிப்பொறியில் 'டி' டிரைவில் எடுத்து வைக்கிறார்கள். இன்னும் சிலர் பென் டிரைவை எந்நேரமும் செருகியே வைத்திருக்கிறார்கள். பெட்டிச் சாவியைப் பெட்டி மீதே வைப்பது போலத்தான் அது. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்று கடையில், ஒன்று வீட்டில் என்று மாற்றி மாற்றி எடுத்து, எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணிப்பொறியில் திறந்து பார்க்கவும் வேண்டும்.

சட்டமும் இதைக் கேட்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு. கணிப்பொறியில் கணக்கு வைப்பவர், அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி 57. நகரி, புத்தூர் பக்கம் சரக்கு வாங்கிக் கொடுக்கிற நமக்கு, எல்லை தாண்டிய பில்கள் ஏராளம். "வைரஸ் தின்றுவிட்டது" என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது. 5 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின் பில் கட்டாயம் என்று உத்தரவு போட்ட அரசு, அந்தக் கணக்கைப் பாதுகாக்கச் சிறு வியாபாரிக்குக் கற்றுக்கொடுக்க ஊருக்கு ஒரு வகுப்பாவது நடத்தியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

நம் பக்கமும் தவறு உண்டு. காசு மிச்சம் என்று திருட்டு நகல் மென்பொருளைப் போடச் சொல்பவர்கள் நாம்தாம். அதற்கு அப்டேட் வராது. உடைத்துக் கொடுத்தவன் உள்ளே என்ன வைத்தான் என்றும் தெரியாது. விண்டோஸ் 7-க்கான திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுபோயின, விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ரிப்பேர் பார்ப்பவர் தம் ஊரிலிருந்தே நம் திரையைத் திறக்கும் வசதியை, வேலை முடிந்ததும் மூடச் சொல்வதும் இல்லை.

தனித்தனியாக ஒவ்வொருவரும் ஆள் பிடிப்பது செலவு. ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். சங்கத்தின் சார்பில் விவரம் தெரிந்த ஒருவரை அமர்த்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடை கடையாக வரச் செய்து, செலவை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளலாம். முதல் சுற்றை ஆடிக் கிருத்திகைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். காவடிக் கூட்டம் வந்துவிட்டால் நம்மில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது.