நோயாளர் காவுவண்டி வரும் வரையிலான நிமிடங்கள்

குடாநாட்டில் ஒருவர் வயலிலோ, சந்தையிலோ, கோயில் வீதியிலோ திடீரெனச் சரிந்து விழுந்து இறந்துவிட்டால் 'மாரடைப்பு' என்ற ஒரே சொல்லுடன் விடயம் முடிந்துவிடுகிறது. வைத்தியர்கள் இங்கு இரண்டு நிலைகளை வேறுபடுத்துகின்றனர். மாரடைப்பு என்பது இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் நாடியில் ஏற்படும் அடைப்பு. அதற்கு ஆளானவர் பெரும்பாலும் நினைவுடன் இருப்பார். நெஞ்சு நோவதாகச் சொல்வார். திடீர் இதய நிறுத்தம் வேறு. இதயத்தின் மின் ஒழுங்கு குலைந்து, குருதியோட்டம் அக்கணமே நின்றுபோகும் நிலை அது. முன்னையது பின்னையதற்கு வழிவகுக்கலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மாரடைப்பு நோயாளியை விரைந்து வைத்தியசாலையில் சேர்ப்பது முதற் கடமை. இதயம் நின்றவருக்கோ விழுந்த இடத்திலேயே சிகிச்சை தொடங்கியாக வேண்டும்.

நடுத்தர வயதைத் தாண்டியோரில் பெரும்பாலும் இதய நாடி நோயே இதற்கு அடிப்படை. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், புகைத்தல் என்பன அதற்குத் துணை நிற்பவை. 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளில், முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது தெற்காசியரிடையே 53 ஆகவும் ஏனைய நாட்டவரிடையே ஏறக்குறைய 59 ஆகவும் காணப்பட்டது. பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் முடிந்திராத வயது 53. இளையோரில் காரணங்கள் வேறு: பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு, பிறவியிலேயே அமைந்த மின் ஒழுங்குக் கோளாறு, வைரசுத் தொற்றினால் ஏற்படும் இதயத் தசை அழற்சி போன்றவை.

இதயம் நின்ற சில விநாடிகளில் நினைவு தப்பும். சிலருக்குக் கை, கால் இழுக்கும். வலிப்பு என்றெண்ணித் திறப்புக் கோர்வையைக் கையில் திணிப்போர் உளர். வேறு சிலர் விட்டுவிட்டு மூச்சை இழுப்பர். 'சேடம் இழுக்கிறது' என்று சுற்றி நிற்போர் கைவிடுவது இந்தக் கட்டத்திலேதான். உண்மையில் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டிய நேரம் அதுவே. ஆனால் நடப்பது என்ன? முகத்தில் தண்ணீர் தெளிக்கப்படுகிறது. பின்னர் இருவர் மடியில் சாய்த்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஓடுகிறார்கள். ஓடும் வண்டியில் மடியில் கிடப்பவரின் மார்பை முறையாக அழுத்த இயலாது. முதுகின்கீழ் கடினமான தளம் வேண்டும். கற்பிக்கப்படாத ஒன்றைச் செய்யவில்லை என்று அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

மார்பு அழுத்தமும் இன்றி, மின்னதிர்வும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் வரை குறைகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிப்படையத் தொடங்கும். தாமதித்து மீட்கப்பட்டவர் நினைவாற்றலையும் பேச்சையும் இழந்து, பிறர் பராமரிப்பில் ஆண்டுக்கணக்கில் வாழ நேரிடலாம். அந்தச் சுமை ஒரு குடும்பத்தை எப்படிக் குலைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2018 ஜூலையில் இந்திய நன்கொடையுடன் வடக்கில் ஆரம்பிக்கப்பட்ட 1990 சுவசெரிய சேவை பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. எனினும் எத்தனை வண்டிகளைச் சேர்த்தாலும் மூன்றாவது நிமிடத்தில் மருதங்கேணிக் கரையையோ அராலி வயல்வெளியையோ அது எட்ட முடியாது. குறிகாட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடற்பயணத்துக்கு அப்பாலுள்ள நெடுந்தீவின் நிலை சொல்லாமலே விளங்கும்.

2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க்கின் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தார். மைதானத்திலேயே மார்பு அழுத்தமும் மின்னதிர்வும் கொடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவர் மீண்டும் களமிறங்கினார். அவரைச் சூழ மருத்துவக் குழு நின்றது என்பது உண்மை. ஆனால் அதே நாட்டின் சாதாரண வீதிகளின் கணக்கு இதைவிட முக்கியமானது. பாடசாலைகளிலும் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவோருக்கும் இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது உட்படப் பல நடவடிக்கைகளின் பின்னணியில், அருகில் நின்றோரே மார்பை அழுத்திய சந்தர்ப்பங்கள் 2001 இல் 21 வீதத்திலிருந்து 2010 இல் 45 வீதமாக உயர்ந்தன. முப்பது நாட்களுக்கு மேல் உயிர் வாழ்ந்தோர் 3.5 வீதத்திலிருந்து 10.8 வீதமாயினர்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கும் எமது நாட்டில், அத்துடன் அரை நாள் பயிற்சியைச் சேர்ப்பது பெருஞ்செலவன்று. முச்சக்கரவண்டிச் சங்கங்கள், தனியார் பேருந்து நடத்துநர்கள், உயர்தர மாணவர்கள் ஆகியோரிடமிருந்து தொடங்கலாம். கற்க வேண்டியதும் அதிகமில்லை. 1990 ஐ அழைத்தல், நோயாளியைத் தரையில் கிடத்துதல், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் அழுத்துதல், அவ்வளவே. பயிலாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதும் இல்லை. விழுந்தவர் பெண்ணாயின் மார்பில் கை வைக்கத் தயங்கும் கூச்சத்தைப் பயிற்சியின்போதே வெளிப்படையாகப் பேசிக் களைய வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலம், மத்திய பேருந்து நிலையம், தீவுகளுக்கான படகுத்துறைகள் ஆகியவற்றில் தானியங்கி மின்னதிர்வுக் கருவி இருக்க வேண்டும். அது எங்கிருக்கிறது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருப்பதும் அவசியம்.

இன்னொன்று. திடீர் மரண விசாரணை அதிகாரிகளின் கோவைகளில் பதிவாகும் வயது, இடம், நேரம், பிரேத பரிசோதனை முடிவு ஆகியவற்றை மாகாண சுகாதாரத் திணைக்களம் ஆண்டுதோறும் தொகுத்தால் கருவி எங்கு வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியிராது. இளவயதில் இவ்வாறு இறந்தவரின் சகோதரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே பரம்பரைக் கோளாறு இருக்கக்கூடும். அந்தியேட்டி முடிந்த கையோடு அவர்களை இதய மின்வரைபுப் பரிசோதனைக்கு அழைக்கும் கடிதமொன்றை விசாரணை அறிக்கையுடனேயே கொடுத்தனுப்பலாம்.