கேஸ் கட்டு யார் கையில்?

"பெரிய வக்கீலை வைத்தாகி விட்டது, இனிக் கவலையில்லை" என்று நிம்மதியாகத் தூங்கும் சமுதாயமே! நீ வைத்த வக்கீல்தான் உன் வழக்கை நடத்துகிறாரா? என்றைக்காவது கேட்டதுண்டா?

சீனியரின் பெயரைப் பார்த்துப் பீஸ் கட்டுகிறோம். அவரிடமோ தாங்க முடியாத அளவுக்கு வழக்குகள். மிஞ்சியதை என்ன செய்கிறார்? நாள் கூலிக்கு வெளி வக்கீல் ஒருவரைப் பிடிக்கிறார். காலை பத்து மணிக்குக் கோர்ட் வராந்தாவில் கட்டு கை மாறுகிறது. பத்தரைக்கு அவர் நீதிபதி முன் நிற்கிறார். பெயர் ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது, தலை மட்டும் உன்னுடையது!

வெளி வக்கீலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வேலை குவிந்தால் ஆள் சேர்க்கத்தான் வேண்டும். இளம் வக்கீல்களுக்கு அது பிழைப்பும் கூட. படிக்காத கட்டோடு அவர்களை நிறுத்துகிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

நஷ்டம் யாருக்கு?

ஒரு வாலிபர் கைதாகிறார். 60 நாட்களில், கடும் குற்றமென்றால் 90 நாட்களில், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவரது உரிமை. யு.ஏ.பி.ஏ. வழக்கில் நீதிமன்றம் இதை 180 நாள் வரை நீட்டிக்கலாம். ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனுப் போட்டாக வேண்டும். அந்த நாளை எண்ணுவது யார்? "அவர் பார்த்துக் கொள்வார்" என்கிறார் சீனியர். "எனக்கு இன்றைய வாய்தா மட்டும்தான்" என்கிறார் வந்தவர். வாலிபர் சிறையிலேயே கிடக்கிறார்!

வியாபாரிகளே, உங்கள் கதை என்ன? செக் திரும்பிய தகவல் வந்து 30 நாட்களுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாட்களில் பணம் வராவிட்டால், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார். தேதி தவறினால் எதிரியின் முதல் வாதமே அதுதான்.

"வழக்கமாக நடப்பதுதானே" என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1997 டெல்லி பஸ் குண்டு வெடிப்பு வழக்கில் 56 சாட்சிகள், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லாமலேயே விசாரிக்கப்பட்டனர். தூக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. 2012ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2013ல் அவர் விடுதலையானார். பதினைந்து ஆண்டுகளைத் திருப்பித் தருவது யார்?

மத்தியப் பிரதேசத்தில் ஒரு தூக்குத் தண்டனை வழக்கு. இலவச வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. 2019ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, இத்தகைய வழக்குகளில் நியமிக்கப்படும் வக்கீலுக்குப் பத்தாண்டு அனுபவமும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் அவகாசமும் வேண்டும் என்றது. ஏழைக்குக் கோர்ட் தரச் சொன்ன அவகாசத்தை, காசு கொடுத்தவனுக்கு நமது சீனியர்கள் தர மாட்டார்களா?

விருப்பமான வக்கீலை வைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு தந்திருக்கிறது. விருப்பம் நம்முடையது. ஆள் யாரோ ஒருவரா?

என்ன செய்ய வேண்டும்?

பீஸ் கட்டும்போதே "கோர்ட்டில் யார் நிற்பார்?" என்று கேளுங்கள். வெளி வக்கீல் என்றால் பெயரை எழுதி வாங்குங்கள். வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பே கட்டு அவர் கையில் இருக்கட்டும். எதிர்த் தரப்புக்கும் அவர் வேலை செய்கிறாரா என்று விசாரியுங்கள். குறுக்கு விசாரணையை அன்று காலை வந்தவரிடம் விடாதீர்கள். உழைப்பவருக்கு உரிய ஊதியம் போகிறதா என்றும் பாருங்கள். அரைக் கூலிக்கு வந்தவர் அரைக் கட்டுதான் படிப்பார். வாய்தா தேதிகளை உங்கள் டைரியிலும் குறித்து வையுங்கள். வழக்குச் செலவை ஏற்கும் ஜமாஅத்துகள் ரசீதோடு நின்று விடாமல் இதையும் கண்காணிக்க வேண்டும்.

ஒரு மூட்டை அரிசியில் அரைக் கிலோ குறைந்தால் சண்டைக்குப் போகிறோம். ஒரு வாலிபரின் வாழ்க்கையை எடை போடாமல் கொடுத்து விட்டு வருகிறோம். வழக்கு ஓர் அமானிதம். அதை வாங்கியவரிடம் கணக்குக் கேட்க ஏன் தயக்கம்?