நடுவிலே வெந்ததா?

"ஏண்டா, இது அடுப்பா, மத்தாப்பா?"

சென்ற ஞாயிற்றுக்கிழமை சமையலறையிலிருந்து அத்தை போட்ட கூச்சலைக் கேட்டு ஓடினேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, மீந்த சாம்பாரைத் தங்கக் கரை போட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துவிட்டாள். உள்ளே படபடவென்று பொறி பறந்தது! அவசரமாக நிறுத்திப் பார்த்தால் கரை கருகியிருந்தது. சாம்பார் ஓரத்தில் கொதித்தது, நடுவில் சில்லென்றிருந்தது.

"பரவாயில்லை அத்தை! ஆகாய விமானம் செய்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான்" என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நேயர்களும் அப்படிப் பார்ப்பதற்கு முன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2011-ஆம் ஆண்டில் பிரயாணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கிய போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி, நாரும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பருமனே உள்ள கார்பன் இழைகளை எபாக்ஸி என்னும் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் பரப்பிச் சூடு காட்டினால், பிசின் இறுகிக் கெட்டிப்படும். வெல்லப் பாகு இறுகினால் மறுபடி உருக்கலாம். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியுமா? எபாக்ஸி இட்லி ரகம். வேகும்போது செய்த பிழையைப் பின்னால் திருத்த வழியே இல்லை.

இதை வேக வைக்க வழக்கமாக உதவுவது ஆட்டோகிளேவ் என்ற ராட்சதப் பிரஷர் குக்கர். சுமார் 180 டிகிரி சென்டிகிரேடு சூடு, பல மடங்கு அழுத்தம், பல மணி நேரம்! குக்கரின் இரும்புச் சுவரும், உள்ளே இருக்கும் வாயுவும், அச்சும் சூடேறிய பிறகுதான் பண்டத்துக்குச் சூடு போகும். செலவு எப்படி இருக்கும் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

1945-ல் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் வேலை பார்த்த பெர்ஸி ஸ்பென்ஸர், ராடார் குழாய்க்குப் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகிப்போனதாம். மைக்ரோவேவ் அடுப்பு பிறந்த கதை அது. வீட்டு அடுப்பின் அலை விநாடிக்கு 245 கோடி தடவை அதிர்கிறது. அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க முயன்று சாம்பாரிலுள்ள தண்ணீர் அணுத்திரள்கள் அலைபாய்கின்றன, சூடு பிறக்கிறது. பிசினும் அப்படியே சூடேறும். அடுப்பைச் சுட வைக்காமல் பண்டத்தையே சுட வைக்கலாம். நேரமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம்!

கண்ணாடி இழையானால் அலைக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கார்பன் இழையோ மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே, அத்தையின் தங்கக் கரையைப் போலவே அலையைத் திருப்பி அடிக்கிறது. வெட்டிய ஓரங்களில் பொறி கக்குகிறது. பெட்டிக்குள் அலைகள் மோதித் திரும்புவதால் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் குளிரும். வீட்டு அடுப்பில் தட்டு சுழல்வது இதற்காகத்தான். விமான இறக்கையைச் சுழற்ற முடியுமா?

ஜெர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பக் கழகத்தார் இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். அடுப்பின் அறையை அறுகோணமாக்கினார்கள். அலைகள் பல பக்கமும் சிதறி ஓரளவு சமமாகப் பரவுகின்றன. அந்த அடுப்புக்குக் கிரேக்கக் கொல்லத் தெய்வமான 'ஹெபைஸ்டஸ்' பெயரையே சூட்டினார்கள்.

ஆனாலும் இன்னொரு சிக்கல் பாக்கி. குக்கரின் அழுத்தம் பிசினுக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்களை நசுக்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பில், பண்டத்தைப் பையில் மூடிக் காற்றை உறிஞ்சுவதோடு நிறுத்தினால், அவ்வளவு அழுத்தம் கிடைக்காது. உள்ளே ஒரு குமிழ் தங்கினாலும், ஓரிடம் அரைவேக்காடாக நின்றாலும், வெளியே பளபளப்பு குறையாது. பலம் குறையும்! அந்த இறக்கையை நம்பிக் கைக்குழந்தையோடு ஒரு தாய் பறப்பாள் அல்லவா? அதனால்தான் கேளா ஒலி அலைகளைச் செலுத்தி ஒவ்வொரு பாகத்தின் உள்ளையும் சோதிக்கிறார்கள்.

எல்லாம் கேட்ட அத்தை, மறுநாள் இட்லித் தட்டை இறக்கி, நட்ட நடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்துப் பார்த்தாள். மாவு ஒட்டவில்லை.

"வேகமெல்லாம் இருக்கட்டுமடா! நடுவிலே வெந்ததா என்று பார்க்கத் தெரிந்தவன் செய்த விமானமாக இருந்தால் சொல்லு, நான் ஏறுகிறேன்" என்றாள்.