ஐரோப்பா போகிறீர்களா? முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், பிறகு நகரத்தை!

லண்டனா, பாரிஸா, ரோம் நகரமா? ஐரோப்பியப் பயணம் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். ஒரு காலத்தில் டாக்டர், வழக்கறிஞர் வீடுகளில் மட்டுமே கேட்ட கேள்வி இது. இன்று தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அப்பா அம்மாவை ஒருமுறையாவது ஐரோப்பாவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பணம் சேர்க்கிறார்கள். அதற்காக இபிஎஃப் மூன்றாவது கணக்கில் கை வைப்பவர்களும் உண்டு.

வாழ்நாளில் ஒருமுறை போகும் பயணம் என்பதால், தவறான நகரத்தைத் தவறான மாதத்தில் தேர்ந்தெடுத்தால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு எளிதில் கிடைக்காது. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பிய நகரங்களின் விதிகளும் கட்டணங்களும் வேகமாக மாறியுள்ளன. பயண விளம்பரங்களில் இந்த மாற்றங்களைப் பெரிய எழுத்தில் பார்க்க முடிவதில்லை.

விடுமுறை எந்த மாதம்?

இந்த ஆண்டு முதல் நம் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. அதனால் நீண்ட விடுமுறை டிசம்பருக்குத் திரும்பியுள்ளது. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இயல்பாகவே டிசம்பரைத்தான் நினைப்பார்கள். ஆனால், 'ஐரோப்பாவின் சிறந்த நகரங்கள்' என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் கோடைக்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

டிசம்பர் பிற்பகுதியில் லண்டனில் காலை 8 மணிக்குத்தான் சூரியன் எழும். மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். பாரிஸில் 5 மணிக்குள் இருட்டிவிடும். ரோம் தெற்கே இருப்பதால் குளிர் சற்றுக் குறைவு என்றாலும் அங்கும் மாலை 5 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நாள் முழுக்கச் சுற்றலாம் என்று போட்ட திட்டத்தில் பாதி இருட்டில் முடியும். இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துமஸ் நாளன்று லண்டனில் பாதாள ரயிலும் பேருந்தும் ஓடுவதே இல்லை. அந்த நாள் திட்டத்தில் இருந்தால், நடந்து போகும் தூரத்தில் உள்ள இடங்களை மட்டுமே நம்ப முடியும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் இதற்கு நேர்மாறானவை. கூட்டமும் வெயிலும் ஒன்றாக வரும். 2025 ஜூலைத் தொடக்கத்தில் வெப்பத்தின் காரணமாக பாரிஸ் ஈபெல் கோபுரத்தின் உச்சித் தளம் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றும் கடும் வெயில் நாள்களில் பிற்பகலில் மூடப்படுகிறது. வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று சொல்லலாம். ஆனால், அங்குள்ள பல பழைய கட்டடங்களில் ஏர்கோன் கிடையாது. வயதானவர்களால் அதைத் தாங்குவது கடினம்.

இரண்டுக்கும் நடுவே நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மே இறுதியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை வரும் ஆண்டு நடு விடுமுறைதான் அது. அப்போது லண்டனில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். ஐரோப்பியப் பள்ளிகளின் பெரிய கோடை விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய காலம் அது. எந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நாள் நீளமாக இருக்கும். போட்ட காசுக்குப் பார்க்கவும் முடியும்.

வாசலிலேயே கட்டணம்

அடுத்தது செலவு. விமான டிக்கெட், ஹோட்டல் இரண்டையும் எல்லாரும் கணக்கில் சேர்க்கிறார்கள். அவற்றுக்குப் பிறகு வரும் சின்னச் சின்னக் கட்டணங்கள்தாம் பலரைத் திணறடிக்கின்றன.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, 18 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள், 72 வயது பாட்டி. தோராயமாக ஒரு யூரோவை 5 ரிங்கிட் என்றும், ஒரு பவுண்டை ஐந்தரை ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம்.

பிரிட்டனுக்கு மலேசியர்கள் விசா இல்லாமல் போகலாம். ஆனால், 2025 ஜனவரி 8 முதல் இடிஏ எனப்படும் மின்னியல் பயண அனுமதி கட்டாயம். கைக்குழந்தைக்கும் அது தேவை. தொடக்கத்தில் 10 பவுண்டாக இருந்த கட்டணம், அதே ஆண்டு ஏப்ரலில் 16 பவுண்டாக உயர்ந்தது. அந்த ஆண்டின் கணக்கில் ஐந்து பேருக்கு 80 பவுண்டு, அதாவது 440 ரிங்கிட் ஆனது. ஆனால், உள்ளே போன பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்க்க நுழைவுக் கட்டணம் இல்லை.

பாரிஸுக்குப் போக இப்போதைக்கு அப்படிப்பட்ட முன் அனுமதி எதுவும் வேண்டாம். ஆனால், லூவர் அருங்காட்சியகம் கடந்த ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 22 யூரோ டிக்கெட்டை 32 யூரோவாக்கியுள்ளது. பிள்ளைகளுக்கு இலவசம் என்றாலும் பெரியவர்கள் மூவருக்கு 96 யூரோ, அதாவது 480 ரிங்கிட் ஆகிறது. நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் இது கால் பங்குக்கும் மேல். மோனாலிசாவைப் பார்த்தே ஆக வேண்டுமா, வெளியே நின்று கண்ணாடிக் கூம்பைப் பார்த்தால் போதுமா என்பதை இங்கேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

ஷெங்கன் நாடுகளுக்கான எல்லை நடைமுறையும் மாறிவிட்டது. 2025 அக்டோபர் 12 முதல் 29 நாடுகளில் புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடப்புக்கு வந்தது. கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதிவு செய்கிறார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை தேவையில்லை. முதல்முறை பதிவு செய்பவர்கள் வரிசையில் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கும். விமானம் மாறிப் போகிறவர்கள் இடைவெளியைத் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தொடர்ந்து, இந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் எதியாஸ் எனும் பயண அனுமதியைத் தொடங்க ஐரோப்பிய ஒன்றியம் திட்டமிட்டுள்ளது. கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நம் உதாரணக் குடும்பத்துக்கு 40 யூரோ, அதாவது 200 ரிங்கிட். டிசம்பர் பயணம் போடுபவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்ஸ்டர்டாம் கணக்கு இன்னும் கனமானது. அங்கே தங்கும் அறைக்கு 12.5 விழுக்காடு சுற்றுலா வரி உண்டு. இந்த ஜனவரி முதல் நெதர்லாந்து அரசு தங்குமிடத்துக்கான விற்பனை வரியையும் 9 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாக உயர்த்திவிட்டது. வரி சேர்க்காமல் 150 யூரோ என்று இருக்கும் அறைக்குக் கடைசியில் ஏறக்குறைய 200 யூரோ கட்ட வேண்டும். ரோமில் திரேவி நீரூற்றுக்கு அருகில் இறங்கிப் பார்க்க, வெளியூர்ப் பயணிகளுக்கு பிப்ரவரி முதல் 2 யூரோ கட்டணம். வெனிஸ் நகரம் 2024 முதல், குறிப்பிட்ட நாள்களில், இரவு தங்காமல் வந்து போகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறது.

அவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

2024 ஜூலையில் பார்சிலோனாவில் நடந்த ஊர்வலத்தில், உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள் மீது சிலர் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். 2025 ஜூன் 15ஆம் தேதி ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி ஆகிய நாடுகளின் பல நகரங்களில் ஒரே நாளில் போராட்டம் நடந்தது. விருந்தாளியை விரட்டுகிறார்களே என்று நமக்குத் தோன்றலாம்.

அவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். குடியிருப்பு வீடுகள் பயணிகளுக்கான நாள் வாடகை வீடுகளாக மாறியதால், அந்த ஊரிலேயே பிறந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள் என்பது அவர்களின் முறையீடு. பார்சிலோனா நகராட்சி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்துள்ளது. தோட்டம் விற்கப்பட்டு, மேம்பாடு என்ற பெயரில் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது ஏற்பட்ட வலியை அறிந்த சமூகம் நாம். அவர்களின் கோபம் நமக்குப் புரியாத ஒன்றல்ல.

இதற்காகப் பார்சிலோனாவுக்குப் போகக்கூடாது என்றில்லை. உரிமம் பெற்ற ஹோட்டலில் தங்கலாம். உச்சக் கூட்ட மாதங்களைத் தவிர்க்கலாம்.

நம் கதை புதைந்திருக்கும் ஊர்

நகரத்தின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டே போகலாம். ஆனால், தோட்டக் குடும்பத்திலிருந்து போகிறவருக்கு லண்டனில் வேறொரு காரணமும் உண்டு. நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்மரத்தின் கதை அந்த ஊர் வழியாகத்தான் வந்தது. 1876-இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில்தான் முளைக்க வைக்கப்பட்டன. அதன் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது.

ரப்பர் வணிகத்தின் மையமாக இருந்தது லண்டன் நகரின் மின்சிங் லேன் என்ற சிறிய தெரு. கத்ரி போன்ற தோட்ட நிறுவனங்களின் கடிவாளம் லண்டனில்தான் இருந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திலேயே கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகள் நம் நாட்டின் பிஎன்பி கைக்கு வந்தன. பள்ளிப் பிள்ளையை அந்தத் தெருவில் நிறுத்தி, "உன் கொள்ளுத் தாத்தா வெட்டின பாலுக்கு இங்கதான் விலை வெச்சாங்க" என்று சொன்னால், அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

சாப்பாடும் கோயிலும் பெரியவர்களுக்கு முக்கியம். லண்டனில் ஈஸ்ட்ஹாம், விம்பிள்டன் வட்டாரங்களில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் உள்ளன. பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லா சப்பல், ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத் தேர், ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸ் வீதிகளில் உலா வருகிறது. பாட்டிக்கு இட்லி கிடைக்குமா என்ற கவலை இந்த இரண்டு ஊர்களில் இல்லை.

பத்து நாளில் ஏழு நாடு வேண்டாம்

நம்மவர்களை அதிகம் இழுப்பது 'பத்து நாள், ஏழு நாடு' வகை பேக்கேஜ். பாரிஸிலிருந்து ரோமுக்குச் சாலை வழி ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். கோலாலம்பூர் ஜொகூர் பாரு தூரத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஏழு நாட்டுப் பயணத்தில் பாதிப் பொழுது பேருந்தில் கழியும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு நினைவில் நிற்பது நெடுஞ்சாலை ஓய்விடங்களாக இருக்கும். அதே பணத்தில் ஒரே நகரத்தில் ஏழு நாள் தங்கினால், ஒருநாள் மழை பெய்தாலும் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கோலாலம்பூரிலிருந்து லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகியவற்றுக்கு நேரடி விமானம் உண்டு. மலேசியன் ஏர்லைன்ஸ் 2025 மார்ச்சில் பாரிஸ் சேவையை மீண்டும் தொடங்கியது. பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள், விமானம் மாறும் அலைச்சலையும் விலையோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பயண நிறுவனம் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றதா என்று பாருங்கள். ரசீதும் பயணத் திட்டமும் எழுத்தில் இருக்கட்டும். சொன்னபடி நடக்காவிட்டால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போகலாம். பயண அனுமதிகளை அரசாங்கத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் எடுங்கள். அதே அனுமதிக்குப் பல மடங்கு வசூலிக்கும் இடைத்தரகர் தளங்கள் ஏராளம்.

ஆக, எந்த நகரம்? பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் முதல்முறையாக, டிசம்பரில்தான் போக முடியும் என்றால் லண்டன். மழையும் இருட்டும் வந்தாலும் கூரைக்கு அடியில் பார்ப்பதற்கு இலவசமாக நிறைய உண்டு. மே இறுதியில் போக முடிந்தால் பாரிஸும் ரோமும் கைகொடுக்கும். ஜூலை, ஆகஸ்ட் மட்டும்தான் லீவு கிடைக்கும் என்றால், ஓராண்டு பொறுத்திருந்து இன்னும் கொஞ்சம் சேமிப்பது நல்லது. கடன் வாங்கியோ கிரெடிட் கார்டைத் தேய்த்தோ போக வேண்டிய நிலை என்றால், எந்த நகரமும் இந்த ஆண்டு வேண்டாம். அம்மாவின் மருந்துச் செலவுக்கு வைத்த பணத்தில் அம்மாவுக்கு ஈபெல் கோபுரத்தைக் காட்டுவதில் அவருக்கே மகிழ்ச்சி இருக்காது.